குக்கரின் ‘டக்’கை நான் பிடுங்கிய கதை

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில், மேடைக்கு மேலே இரண்டு முழ உயரத்துக்குப் பெயின்ட் மட்டும் நிறம் மாறி இருக்கும். மற்ற இடமெல்லாம் வெளுத்த பழைய பச்சை, அங்கே மட்டும் புதுப் பச்சை. வருகிறவர்கள் கேட்டால் “ஈரம் இறங்கிருச்சு” என்று சொல்லி வைப்பேன். உண்மையில் போன வருஷத்துக்கு முந்தின சித்திரையில் அந்த இடத்தில் எங்கள் ரைஸ் குக்கர் எரிந்தது. தானாக எரியவில்லை. ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு நாளில், படிப்படியாக அது எரியும்படி செய்தது நான்தான். டிப்ளமோவில் எலக்ட்ரிக்கல் படித்தவள் என்பதால் இதை வெளியே சொல்ல இத்தனை நாள் வெட்கமாக இருந்தது. ஒன்றும் தெரியாதவர் அந்த வேலையைச் செய்திருக்கவே மாட்டார். அரைகுறையாகத் தெரிந்ததால்தான் நான் செய்தேன்.

எனக்கு மதுரையில் செல்லூர். வீட்டுக்காரருக்குத் தேனிப் பக்கம் வேலை, சனிக்கிழமை ராத்திரி வந்து திங்கள் விடியக்காலை பஸ் ஏறிவிடுவார். வீட்டில் நான், அத்தை, எட்டு வயது மகன். அந்த வருஷம் கோடையில் வீட்டிலேயே ஜிகர்தண்டா போட்டு ஆர்டர் எடுக்க ஆரம்பித்திருந்தேன். ஜிகர்தண்டாவில் மற்றதெல்லாம் சுலபம். பாதாம் பிசினை ராத்திரி ஊறப்போட்டால் காலையில் பாத்திரம் நிறைய உப்பி நிற்கும். நன்னாரி சர்பத் கடையில் கிடைக்கிறது. ஐஸ்கிரீமும் வாங்கிக்கொள்ளலாம். உயிர் எடுப்பது பால்தான். மூன்றில் ஒரு பங்காகச் சுண்ட வேண்டும், அடிப்பிடிக்கக் கூடாது, ஏடு ஏடாக எடுத்து ஓரத்தில் ஒதுக்க வேண்டும். ஒரு தடவைக்கு இரண்டு மணி நேரம் அடுப்படியிலேயே நிற்க வேண்டும். மதுரை ஏப்ரல் மாச வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, கரண்டியோடு இரண்டு மணி நேரம். சிலிண்டரும் வழக்கமாக வருகிற நாளுக்குப் பத்து நாள் முன்னாடியே தீர்ந்துபோனது.

அப்போதுதான் குக்கர் ஞாபகம் வந்தது. 2.8 லிட்டர், 1000 வாட், முந்தின தீபாவளிக்கு 2,850 ரூபாய்க்கு வாங்கியது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், அந்தக் கணக்கு இப்பவும் சரிதான். கொதிக்கிற ஒரு லிட்டர் தண்ணீரை முழுக்க ஆவியாக்க ஏறக்குறைய 0.63 யூனிட் கரன்ட் வேண்டும். ஒன்றரை லிட்டர் பாலை அரை லிட்டராகச் சுண்ட வைக்க, ஆயிரம் வாட் குக்கரில் சேதாரமெல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் போதும். கேஸ் மிச்சம், நின்று கிண்டும் வேலையும் பாதி மிச்சம். பாலைக் கேஸில் ஒரு கொதி விட்டுப் பொங்கு அடங்கியதும் குக்கரில் ஊற்றி, மூடியைத் திறந்தே வைத்து, ஒரு மரக்கரண்டியைப் போட்டுவிட்டால் பொங்கவும் இல்லை. முதல் இருபது நிமிஷம் எனக்கு என் மேலேயே பெருமையாக இருந்தது.

இருபத்தைந்தாவது நிமிஷம் ‘டக்’. சிவப்பு விளக்கு அணைந்து மஞ்சள் விளக்கு வந்துவிட்டது. பால் பாதிகூடச் சுண்டவில்லை. லீவரைத் திரும்ப அழுத்தினேன். நிற்கவே இல்லை, கையை எடுத்ததும் மேலே வந்தது. அஞ்சு நிமிஷம் விட்டு அழுத்தினால் நின்றது, இரண்டு நிமிஷத்தில் மறுபடி ‘டக்’. அன்றைக்கு அந்த ஒன்றரை லிட்டரைச் சுண்ட வைக்க எத்தனை தடவை அழுத்தினேன் என்று எண்ணவில்லை. கட்டைவிரல் நகம் வலித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. “சோத்துக்குச் செஞ்சதுல பாலைக் காய்ச்சுனா அது எப்படித்தா கேக்கும்?” என்றார் அத்தை. அவருக்குப் பதில் சொல்லாமல் குக்கரைக் கவிழ்த்துப் போட்டு அடித்தட்டின் மூன்று ஸ்க்ரூவைக் கழற்றினேன்.

உள்ளே இருப்பது என்ன என்று இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்லிவிடுகிறேன், இது புரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும். சாதாரண லீவர் வைத்த ரைஸ் குக்கரில் டைமர் கிடையாது. ஹீட்டர் தட்டின் நடுவில் ஸ்ப்ரிங் மேல் மிதக்கிற ஒரு வட்டக் குமிழ் இருக்கிறதே, அதுதான் மூளை. அதற்குள் ஃபெரைட் என்னும் ஒரு கறுப்பு வில்லை. லீவரை அழுத்தும்போது கீழிருந்து ஒரு காந்தம் மேலே போய் அந்த வில்லையோடு ஒட்டிக்கொள்கிறது, கரன்ட் ஓடுகிறது. சுமார் 103 டிகிரிக்கு மேலே சூடேறினால் அந்த வில்லை காந்தத்தால் இழுக்கப்படும் குணத்தை இழந்துவிடும்படி செய்திருக்கிறார்கள். பியர் கியூரியின் பெயரால் கியூரி வெப்பநிலை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போமே, அதேதான். பாத்திரத்தில் தண்ணீர் இருக்கிறவரை அடித்தட்டு நூறு டிகிரியைத் தாண்டுவது கஷ்டம், வருகிற சூட்டையெல்லாம் ஆவி கொண்டுபோய்விடும். சோறு தண்ணீரைக் குடித்து முடித்ததும் சூடு ஏறுகிறது, வில்லை கையை விடுகிறது, ஸ்ப்ரிங் காந்தத்தை இழுத்துக்கொள்கிறது. அந்தச் சத்தம்தான் ‘டக்’. சிப்பு இல்லை, புரோகிராம் இல்லை, ஏமாற்ற ஒன்றுமே இல்லை.

இதையெல்லாம் நான் அன்றைக்கே அறிந்திருந்தேன். ஆனாலும் பாலில் ஏன் சீக்கிரம் ‘டக்’ என்கிறது என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. அதுதான் என் முதல் தப்பு. பால் சுண்டச் சுண்டப் புரதமும் சர்க்கரையும் அடியில் படிந்து ஒரு தோல் மாதிரி ஒட்டிக்கொள்கிறது. அந்தத் தோல் சூட்டை மேலே விடாது. மேலே பால் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும்போதே அடித்தட்டு நூற்றுப்பத்து, நூற்றிருபது என்று ஏற ஆரம்பித்துவிடும். குக்கர் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: அடி பிடிக்கிறது. பாத்திரத்தைச் சுரண்டிப் பார்த்திருந்தால் பழுப்பாக வந்திருக்கும். நான் பாத்திரத்தைப் பார்க்காமல் ஸ்விட்சைப் பார்த்தேன். எந்தச் சாதனமும் தானாக நின்றால், முதலில் அது எதைப் பார்த்து நின்றது என்று பாருங்கள். தொண்ணூறு சதவீதம் அது சரியாகத்தான் நின்றிருக்கும்.

நான் கண்டுபிடித்த வைத்தியம் ஒரு ஐஸ்குச்சி. மகன் தின்றுபோட்ட குச்சியைக் கழுவி, பாதியாக ஒடித்து, லீவர் கீழே இருக்கும்போது அதற்கும் குக்கர் உடம்புக்கும் நடுவே சொருகினேன். வில்லை விட்டாலும் லீவர் மேலே வராது. சத்தமும் வராது. அன்றைக்கு ஒன்றரை லிட்டர் ஒரே மூச்சில் சுண்டியது. அடியில் பிடித்த பழுப்பு கலந்து பாலுக்கு லேசான தந்த நிறம் வந்தது. வாங்கியவர்கள் “கடைல குடிக்கிற மாதிரியே இருக்கு” என்றார்கள். அப்புறம் எனக்கு யார் சொன்னாலும் கேட்கவா போகிறது? ஒரு வாரம் அந்தக் குச்சியோடு ஓடியது. ராத்திரி பாத்திரத்தைத் தேய்க்கும்போது அடியில் ஒட்டியிருந்த கருக்கு நாளுக்கு நாள் தடித்து வந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, தேங்காய் நார் போட்டுத் தேய்த்துவிட்டேன்.

எட்டாவது நாள் குக்கர் செத்துவிட்டது. சிவப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை. மல்டிமீட்டரை எடுத்துப் பார்த்தால் ஹீட்டரில் கோளாறு இல்லை, ஐம்பது ஓம் சொச்சம் காட்டியது. வயரும் சரி. வெள்ளைக் கண்ணாடி நூல் உறைக்குள், கட்டைவிரல் நீளத்தில் ஒளிந்திருந்த தெர்மல் ஃபியூஸ்தான் போயிருந்தது. மேலே 10 ஆம்பியர், 250 வோல்ட், 172 டிகிரி என்று பொடி எழுத்து. இது வீட்டு மீட்டர் பெட்டியில் இருக்கிற ஃபியூஸ் மாதிரி கரன்ட் அதிகமானால் போவது இல்லை. சூடு அதிகமானால் போவது. எழுதியிருக்கிற சூட்டைத் தாண்டினால் உள்ளே இருக்கிற குட்டி வில்லை உருகி, ஸ்ப்ரிங் நழுவி, இணைப்பு நிரந்தரமாக விட்டுவிடும். ஒரு தடவைதான், திரும்ப ஒட்டாது. அதாவது நான் முதல் காவல்காரன் வாயில் ஐஸ்குச்சியைச் சொருகிய பிறகு, தட்டு 172 டிகிரியைத் தாண்டியிருக்கிறது, இரண்டாவது காவல்காரன் உயிரைக் கொடுத்து நிறுத்தியிருக்கிறான். அதைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு வந்த எண்ணம், “சனியன், திருவிழா நேரத்துலயா போகணும்” என்பதுதான்.

திருக்கல்யாணம் முடிந்திருந்தது. அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு அறுபது கிளாஸ் ஆர்டர், பாதிக்கு மேல் அட்வான்ஸ் வாங்கியிருந்தேன். டவுனுக்குப் போய் மாசி வீதிப் பக்கம் ஒரு ஸ்பேர் கடையில் கேட்டேன். ஃபியூஸ் விலை பதினைந்து ரூபாய். “172 இப்ப இல்லக்கா, ரெண்டு நாள் கழிச்சு வாங்க. அவசரம்னா நேரா குடுத்துருங்க, எல்லாரும் அப்படித்தான் ஓட்டுறாங்க” என்றார் கடையில் இருந்த தம்பி. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் டிப்ளமோ படிக்கவில்லை, நான் படித்திருக்கிறேன். பதினைந்து ரூபாய் சாமானுக்காக இரண்டு நாள் காத்திருக்க மனசில்லாமல் வீட்டுக்கு வந்து, ஃபியூஸ் இல்லாமலே இரண்டு வயரையும் நேராகச் சேர்த்து முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி, அடித்தட்டை மாட்டினேன். சாதாரண பிவிசி டேப் அந்தச் சூட்டுக்குத் தாங்காது என்பதும் எனக்குத் தெரிந்த விஷயம்தான்.

அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முதல் நாள், ஊருக்குள் வருகிற அவரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை. அன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு நாலாவது தவணைப் பாலை ஊற்றினேன். தெருவே தல்லாகுளம் பக்கம் கிளம்பிக்கொண்டிருந்தது. மகன் கையில் தண்ணீர் பீய்ச்சுகிற பையை வைத்துக்கொண்டு வாசலில் குதித்துக்கொண்டிருந்தான். அரை மணியில் வந்துவிடலாம் என்று நினைத்தேன். கிளம்பும்போது அத்தையிடம், “பால் குக்கர்ல இருக்கு, பாத்துக்கங்க அத்தை” என்றேன். “நீ போய்ட்டு வா தாயி, நான் பாத்துக்கிறேன்” என்றார். ஐஸ்குச்சியைப் பற்றியோ முறுக்கிய வயரைப் பற்றியோ அவரிடம் நான் எப்போதும் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

அந்தக் கூட்டத்தில் அரை மணி என்று கணக்குப் போட்டவள் மதுரைக்காரியே இல்லை. அழகரைத் தூரத்தில் ஒரு பொட்டாகப் பார்த்துவிட்டு, மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு திரும்பி வர எட்டேகால். தெருமுனையிலேயே தீய்ந்த பால் வாடை அடித்தது. அது பரவாயில்லை. அதற்குப் பின்னாலேயே இன்னொரு வாடை, பிளாஸ்டிக் கருகுகிற வாடை, தொண்டையைப் பிடித்தது. அத்தை திண்ணையில் பக்கத்து வீட்டு அம்மாவோடு பேசிக்கொண்டு, காதை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “என்னமோ தீயுற வாட வருதேன்னு இப்பத்தான் சொல்லிக்கிட்டிருந்தோம், நம்ம வீடா?” என்றார். உள்ளே ஓடினேன். புகையில் சமையலறை தெரியவில்லை. குக்கரின் பிளாஸ்டிக் அடிப்பாகத்தில் தீ பிடித்து, பக்கத்தில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய தட்டியில் ஏறி, ஸ்விட்ச் போர்டை நக்கிக்கொண்டிருந்தது.

நான் செய்த முதல் முட்டாள்தனம், பிளக்கைப் பிடுங்கக் கையை நீட்டியது. உருகிய பிளாஸ்டிக் உள்ளங்கையில் அப்படியே ஒட்டிக்கொண்டது. அதற்குள் பின்னாலிருந்து அத்தை குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். “ஊத்தாதீங்க அத்தை, கரன்ட் இருக்கு!” என்று நான் கத்திய கத்தல் எதிர் வீட்டுக்குக் கேட்டதாம். வாசல் பக்கம் ஓடி மெயினை அணைத்தேன். அதற்குப் பிறகுதான் ஈர வேட்டியைப் போட்டு மூடி, அதன்மேல் தண்ணீர் ஊற்றி அணைத்தோம். மெயின் வாசலில் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். பழைய வீடுகள் சிலவற்றில் சமையலறைக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது என்று வீட்டில் உள்ள எல்லாருக்கும், பெரியவர்களுக்கும், காட்டி வையுங்கள். கரன்ட் தீ என்றால் முதலில் மெயின், அப்புறம்தான் மற்றது. பிளக்கைத் தேடிப் போகாதீர்கள்.

எல்லாரும் அப்புறம் கேட்ட கேள்வி: “ட்ரிப்பர் இருந்துச்சே, அது ஏன் விழல?” சுவரில் இருந்த எம்.சி.பி. 16 ஆம்பியர். ஆயிரம் வாட் குக்கர் இழுப்பது நாலேகால் ஆம்பியர் சொச்சம். பால் வற்றிப் பாத்திரம் காய்ந்த பிறகும், தட்டு பழுத்த பிறகும், அடிப்பாகம் எரிய ஆரம்பித்த பிறகும் அது இழுத்தது அதே நாலேகால்தான். எம்.சி.பி.க்குக் கரன்ட்டின் அளவு மட்டும்தான் தெரியும், சூடு தெரியாது. வயர் ஒன்றோடு ஒன்று ஒட்டி ஷார்ட் ஆனால்தான் விழும். எங்கள் வீட்டில் மெயினை அணைக்கிற வரைக்கும் அது நடக்கவில்லை. ‘ட்ரிப்பர் இருக்கு, பயமில்லை’ என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். சூட்டைப் பார்க்கிற காவல் சாதனத்துக்குள்ளேதான் இருக்கிறது. அதைப் பிடுங்கினால் வீட்டில் வேறு எதுவும் அந்த வேலையைச் செய்யாது.

கையில் பக்கத்து வீட்டு அம்மா பற்பசையைத் தடவிவிட்டார். பெரியாஸ்பத்திரியில் அதைச் சுரண்டி எடுக்கும்போது உயிர் போய் உயிர் வந்தது. நர்ஸம்மா திட்டியதில் தப்பே இல்லை. தீக்காயத்துக்குக் குழாய்த் தண்ணீரை இருபது நிமிஷம் ஓட விட வேண்டும். பேஸ்ட், இங்க், மஞ்சள், மாவு எதுவும் கூடாது. ஒட்டிய பிளாஸ்டிக்கை நாமே பிய்க்கவும் கூடாது, நான் பிய்த்தேன். வலது உள்ளங்கை என்பதால் பதினெட்டு நாள் ஒரு வேலையும் ஓடவில்லை, சோறு பிசைவதுகூட இடது கை ஸ்பூனில்தான்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். குக்கர் 2,850. அன்றைக்குக் கெட்டுப்போன பாலும் மற்ற சாமானும் 1,300. ஸ்விட்ச் போர்டும் அந்தப் பக்கத்து வயரிங்கும் ஆள் கூலியோடு 2,400. பெயின்ட், தட்டி 3,900. மொத்தம் 10,450. திருப்பிக் கொடுத்த அட்வான்ஸ் 1,800-ஐ இதில் சேர்க்கவில்லை, அது என் பணமே இல்லை. அந்தக் கோடை முழுக்க ஜிகர்தண்டாவில் நான் சம்பாதித்தது நாலாயிரத்துச் சொச்சம். அழகர் ஆற்றில் இறங்கிய காலையில் ஆர்டர் கொடுத்தவர்கள் ஒவ்வொருவருக்கும் இடது கையால் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். நாலு பேர் அதற்குப் பிறகு ஆர்டர் தரவே இல்லை. வீட்டுக்காரரிடம் நாலு நாள் சொல்லவில்லை. சனிக்கிழமை வந்து சுவரைப் பார்த்துவிட்டு அவர் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தது, திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது இதெல்லாம் இல்லை. மூன்றாம் நாள் அத்தை சொன்ன ஒரு வார்த்தை. “டக்குனு சத்தம் வருமேன்னு காதைத் தீட்டி வச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன் தாயி. வரலையா, சரி, இன்னும் ஆகலபோலன்னு இருந்துட்டேன்.” அவருக்கு மூட்டுவலி, எழுந்து எழுந்து போய்ப் பார்க்க முடியாது. ஆறு மாசமாக அந்தக் குக்கரை அவர் காதால்தான் பார்த்துவந்தார். அந்தச் சத்தத்தை நான் பிடுங்கியது அவருக்குத் தெரியாது. நானாவது என்ன செய்தேன் என்று அறிந்து ஆபத்தைக் கையில் எடுத்தேன். அவர் ஒன்றும் அறியாமல் அதன் முன்னால் காவல் உட்கார்ந்திருந்தார். தானாக நிற்கும் ஒரு சாதனத்தில் கை வைக்கிறவர்கள், சொந்தமாக நின்று பார்த்துக்கொள்வேன் என்றுதான் நினைக்கிறோம். வீட்டில் இருக்கிற மற்றவர்கள் அது நிற்கும் என்று நம்பித்தான் பக்கத்தில் போகிறார்கள்.

கை ஆறிய பிறகு எரிந்த குக்கரை மொட்டைமாடியில் வைத்துப் பிரித்தேன். நடுக் குமிழ் கறுத்திருந்ததே தவிர உடையவில்லை. வில்லையையும் காந்தத்தையும் தனியே எடுத்து, இடுக்கியில் வில்லையைப் பிடித்து, அடியில் காந்தத்தை ஒட்டவிட்டு, ஒரு ஸ்டவ் மேலே உயரத்தில் காட்டினேன். மகன் பக்கத்தில் எண்ணிக்கொண்டிருந்தான். எழுபதோ எண்பதோ எண்ணும்போது காந்தம் கீழே விழுந்தது. ஆறவிட்டு மறுபடி ஒட்டினால் பழையபடி பிடித்துக்கொண்டது. நாலு தடவை செய்தோம், நாலு தடவையும் விழுந்தது. அவ்வளவு தீயில் வெந்த பிறகும் அது ஒழுங்காக வேலை செய்தது. மிச்சத்தைப் பழைய இரும்புக்காரரிடம் போடும்முன் வயரை வெட்டி எடுத்துவிட்டேன். ஹீட்டர் நன்றாக இருக்கிறதே என்று யாராவது திரும்ப மாட்டி ஓட்டினால் அந்தப் பாவமும் எனக்குத்தான்.

இப்படிக் கை வைப்பது குக்கரில் மட்டும் இல்லை. என் அக்கா வீட்டில் கெட்டில் பொத்தானில் ரப்பர் பேண்ட் மாட்டி வைத்திருந்தார்கள், பொத்தான் அழுத்தினால் நிற்கவில்லையாம். கெட்டில் ஆவியை உணர்ந்துதான் அணைகிறது. ஆவி உள்ளே இருக்கிற தகட்டைச் சூடாக்கினாலும், பொத்தானைக் கட்டிப்போட்டுவிட்டால் அணையாமல் கொதித்துக்கொண்டே இருக்கும். பொத்தானைச் சரிசெய்ய வேண்டிய இடத்தில் ரப்பர் பேண்ட். அயர்ன் பாக்ஸிலும் இதே மாதிரித் தெர்மல் ஃபியூஸ் உண்டு, மெக்கானிக் ‘டைரக்ட்’ பண்ணித் தந்தால் சிரித்த முகத்தோடு வாங்கி வராதீர்கள். கீசரில் இதைச் செய்வது இன்னும் மோசம், அங்கே மூடிய தொட்டிக்குள் தண்ணீர். ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கும்போது “என்ன மாத்துனீங்க, பழசைக் குடுங்க” என்று கேட்டு வாங்குங்கள். தெர்மல் ஃபியூஸ் போனால் அதே டிகிரி, அதே ஆம்பியர்தான் போட வேண்டும். சால்டர் பண்ணக் கூடாது, அந்தச் சூட்டிலேயே புது ஃபியூஸ் போய்விடும். கிரிம்ப் ஸ்லீவ் என்னும் சின்ன உலோகக் குழாயைப் போட்டு நசுக்கி, பழைய உறையையே மாட்ட வேண்டும். போட்டதும் திரும்பப் போனால் மூன்றாவது ஃபியூஸ் வாங்காதீர்கள், எங்கேயோ சூடு ஏறுகிறது, அதைத் தேடுங்கள். நேரம் வைத்து ஓட்ட ஆசை என்றால் சுவர் பிளக்கில் மாட்டுகிற டைமர் இருக்கிறது. உள்ளே எதையும் தொடாமல், நேரம் முடிந்ததும் வெளியிலிருந்து கரன்ட்டை நிறுத்தும். அதை வைத்துச் சீக்கிரம் நிறுத்தலாம், குக்கர் தானாக நின்ற பிறகு ஓட வைக்க முடியாது. முடியாமல் இருப்பதே நல்லது. வயரிங் மாற்றும்போதே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போட்டுக்கொண்டோம். அது ஷாக்குக்குக் காவல், இந்த மாதிரித் தீக்கு இல்லை, இருந்தாலும் வேண்டும்.

பால் விஷயம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். தேடிப் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. 1955-இல் ஜப்பானில் தோஷிபா கொண்டுவந்த முதல் தானியங்கி ரைஸ் குக்கரில் இரண்டு பாத்திரம். வெளிப் பாத்திரத்தில் ஒரு டம்ளர் அளவு தண்ணீர், உள்ளே அரிசி. வெளித் தண்ணீர் வற்றினால் சூடு நூறைத் தாண்டும், ஸ்விட்ச் அணையும். யோஷிதடா மினாமி என்பவர் வடிவமைக்க, அவர் மனைவி ஃபுமிகோதான் வீட்டில் விதவிதமாகச் சமைத்துப் பார்த்துச் சரிசெய்தாராம். படித்ததும் சிரிப்பு வந்தது. தண்ணீருக்குள் பாத்திரம் வைப்பது நம் வீட்டில் இல்லாத வித்தையா? இப்போது புதுக் குக்கரில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் அகலமான சில்வர் பாத்திரத்தில் பாலை வைக்கிறேன். அடி பிடிக்கவே பிடிக்காது. ஆனால் மெதுவு, நாலு மணி நேரத்துக்குக் குறையாது, நடுவில் தண்ணீர் ஊற்ற வேண்டும். அவசரத்துக்கு அத்தையின் வழிதான்: வாயகன்ற உருளி, கேஸ், அடியில் ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்துப் போடுவது. கொதியில் தட்டு கடகடவென்று ஆடிக்கொண்டே இருக்கும், பால் பொங்காது, அடியும் சீக்கிரம் பிடிக்காது. தட்டின் ஆட்டம் மந்தமானால் பால் தடித்துவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு பக்கத்தில் நிற்க வேண்டும், வேறு வழியில்லை.

இந்தச் சித்திரைக்கு முப்பது கிளாஸுக்கு மேல் எடுக்கவில்லை. எதிர்சேவை அன்றைக்கு மகன் பக்கத்து வீட்டாரோடு போனான், நான் போகவில்லை. ஏழு மணி இருக்கும், மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். திண்ணையிலிருந்து அத்தையின் குரல்: “தாயி, டக்குனுருச்சு, தண்ணி வத்திருச்சுபோல. வந்து ஊத்து.”